பூ கேட்டுச் சேர்த்த பள்ளிக்கூடம்

எங்கள் வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. நான் பேசுவேன். என் கணவர் என்னைப் பேசவிடாமல் பேசுவார். எங்கள் இருவர் வாயையும் அடைத்துவிட்டு எங்கள் மகள் பேசுவாள். காலையில் பல் துலக்கும்போதே நுரையோடு ஆரம்பித்துவிடுவாள். பல்லிக்கு ஏன் வேட்டி இல்லை, நேற்று இருந்த மேகம் இன்று யார் வீட்டுக்குப் போனது, அப்பா குறட்டை விடும்போது அவருக்கே பயமாக இருக்காதா, இப்படிப் போகும். பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்து நிற்கும்.

வாசற்படியைத் தாண்டினால் அவ்வளவுதான், ஒரு சொல் வராது. மளிகைக் கடைக்காரர் மிட்டாய் நீட்டினால் வாங்கிக்கொள்வாள். பெயர் கேட்டால் என் துப்பட்டாவுக்குள் போய் ஒளிந்துகொள்வாள். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில், "என்ன புள்ளைக்கு வாயில கொழுக்கட்டையா?" என்று கேட்காத ஆள் கிடையாது. டாக்டரிடமும் காட்டினோம். அவர் காது, தொண்டை எல்லாம் பார்த்துவிட்டு, உடம்பில் ஒரு குறையுமில்லை, பழகாத இடத்தில் சில குழந்தைகளுக்கு வாய் திறக்காது, வற்புறுத்தாதீர்கள், தானாக வரும் என்றார். எப்போது வரும் என்று மட்டும் சொல்லவில்லை.

எங்களுக்குப் பனியன் தொழில். மண்ணரைப் பக்கம் சின்னதாக ஒரு யூனிட் வைத்திருக்கிறோம். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்து, பிசிறு நறுக்கி, செக்கிங் முடித்துத் திருப்பிக் கொடுக்கிறோம். தையல் பக்கம் என் கணவர், செக்கிங் பக்கம் நான். ஒரு டி-ஷர்ட்டைக் கையில் எடுத்தால் அதில் நன்றாக இருப்பதை நான் பார்ப்பதே இல்லை. ஓட்டை எங்கே, எண்ணெய்க் கறை எங்கே, தையல் எங்கே விட்டிருக்கிறது, அது மட்டும்தான் என் கண்ணில் படும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் இதே கண்தான். மாப்பிள்ளை முகம் நினைவிருக்காது, அவர் சட்டைக் காலர் கோணலாக இருந்தது நினைவிருக்கும்.

இவ்வளவு பெரிய கண்ணை வைத்துக்கொண்டு நான் முதலில் ஏமாந்தது ஒரு மீன் தொட்டியிடம். ஊருக்கு வெளியே, பெரிய கேட், வழுக்கும் தரை, குளுகுளு அறை, வரவேற்பறையில் ஆளுயர மீன் தொட்டி என்று ஒரு பள்ளிக்கூடம். எல்கேஜியில் அங்கேதான் சேர்த்தோம். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் முந்தின நாளே எங்கள் யூனிட்டிலும் பூந்தொட்டிகள் வந்து இறங்கும். வந்தவர் காரில் ஏறியதும் அவை நர்சரிக்கே திரும்பிப் போகும். இந்த வித்தை எல்லாம் தெரிந்த எனக்கே அந்தச் சிவப்பு மீன்களைப் பார்த்ததும் புத்தி மழுங்கிவிட்டது.

அந்தப் பள்ளியில் ஒரு விதி. ஒண்ணுக்குப் போக வேண்டுமென்றால் எழுந்து நின்று, ஆங்கிலத்தில், முழு வாக்கியமாகக் கேட்க வேண்டும். வீட்டில் அந்த வாக்கியத்தை அவள் ராகம் போட்டுப் பாடிக் காட்டுவாள். வகுப்பில் வராது. யுகேஜி முடியப்போகிற சமயத்தில் ஒரு மதியம் கூப்பிடப் போனபோது அவள் பாவாடை நனைந்து காய்ந்திருந்தது. காய்கிற அளவுக்கு அதிலேயே உட்கார்ந்திருக்கிறாள். வண்டியில் ஏறும்வரை தலையைக் குனிந்துகொண்டே வந்தவள், ஏறியதும் என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"கேட்டாத்தான் உடுவாங்கம்மா. எனக்குக் கேக்க வரலை."

வீட்டுக்கு வந்து அவளைக் குளிப்பாட்டிவிட்டு, குளியலறையிலேயே நின்று அழுதேன். மறுநாள் போய்ச் சண்டை போட்டேன். அங்கிருந்த பொறுப்பாளர் அம்மா நான் கத்தி முடிக்கும்வரை புன்னகை மாறாமல் கேட்டார். பிறகு, ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதே என்றார். இந்தக் குழந்தையை ஒன்றாம் வகுப்புக்கு அனுப்ப முடியாது, இன்னொரு வருடம் யுகேஜியிலேயே இருக்கட்டும், பேச ஆரம்பித்ததும் பார்க்கலாம் என்றார். மீன்கள் அவர் தலைக்குப் பின்னால் நீந்திக்கொண்டிருந்தன. அன்றைக்கு அந்தத் தொட்டி தப்பித்தது தெய்வச் செயல்.

வேறு பள்ளி தேட ஆரம்பித்தோம். போன இடமெல்லாம் குழந்தைக்கு இன்டர்வியூ உண்டு என்றார்கள். ஒரு இடத்தில் அவளை முன்னால் நிறுத்தி ஒரு படத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்கள். அது ஒட்டகச்சிவிங்கி. அவள் என் துப்பட்டாவுக்குள் போய்விட்டாள். இன்னொரு இடத்தில் எனக்கும் என் கணவருக்குமே இன்டர்வியூ. அவரிடம், உங்கள் பிள்ளையை எதிர்காலத்தில் என்னவாகப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவர் யோசித்துவிட்டு, "நல்லா இருந்தாச் சரிங்க" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் செக்கிங் மேசையில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் வேலை பார்க்கிறாள். நான் புலம்புவதைக் கேட்டுக்கொண்டே மடித்துக்கொண்டிருந்தவள் ஒரு நாள் சொன்னாள்.

"எங்க பிள்ள படிக்குத பள்ளிக்கொடத்தப் போய்ப் பாருங்கக்கா. வேதக்காரங்க நடத்துதாங்க. சின்ன எடந்தான். ஆனா பிள்ளைய விரட்ட மாட்டாங்க."

இந்தத் தடவை நான் ஏமாறுவதாக இல்லை. ஆடிட்டர்கள் செய்வதைப் போலவே சொல்லாமல் கொள்ளாமல் ஒரு புதன்கிழமை காலையில் போய் நின்றேன். பூந்தொட்டி வைக்க நேரமே கொடுக்கவில்லை. ஆனாலும் பூந்தொட்டி இருந்தது, வாடிப்போய். அது எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை தந்தது.

முன்பு யாரோ குடியிருந்த மாடி வீடு அது. கூடத்தில் இரண்டாம் வகுப்பு, சமையலறையாக இருந்த இடத்தில் ஒன்றாம் வகுப்பு. அடுப்பு வைக்கிற மேடை அப்படியே இருந்தது. அதன்மேல் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக நின்றன. சுவரில் ஒரு சிலுவை, அதன் பக்கத்தில் பிள்ளைகள் வரைந்த யானைகள். தெற்கத்தித் தமிழும் எங்கள் ஊர்த் தமிழும் நடுநடுவே இந்தியும் கலந்து ஒரே இரைச்சல். தலைமை ஆசிரியை, ஐம்பதைத் தாண்டிய அம்மா, நூல்புடவையில் வெளியே வந்தார்.

"யாரும்மா வேணும்?"

"கக்கூஸ் பாக்கோணுமுங்க" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தோன்றவில்லை.

அவர் அசரவில்லை. முன்னால் நடந்து போய்க் கதவைத் திறந்து காட்டினார். தொட்டியில் தண்ணீர் நிறைய இருந்தது. குவளைக்குக் கைப்பிடி இருந்தது. தாழ்ப்பாளைப் பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற உயரத்தில் வைத்திருந்தார்கள். குனிந்து, நிமிர்ந்து, மூலை முடுக்கெல்லாம் பார்த்தேன்.

"வாரவங்க எல்லாரும் மார்க்கத்தாம்மா கேப்பாங்க" என்றார் பின்னால் நின்றபடி. "இத மொதல்ல பாக்க வந்தது நீங்கதான்."

"புள்ளைக கேட்டுட்டுத்தான் போகோணுங்களா?"

"ஒண்ணுக்குப் போறதுக்கு யார்ட்டம்மா கேக்கணும்? வந்தா எந்திச்சுப் போயிற வேண்டியதுதான். நீங்க வீட்ல கேட்டுட்டா போறிய?"

எனக்கு அந்த இடத்திலேயே அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் செக்கிங் முடியாமல் எதையும் நான் பாஸ் பண்ணுவதில்லை. ஓடுகிற பையன் ஒருவனை நிறுத்தி, அவன் சட்டைக் கையில் தொங்கிய நூலை என் கைப்பையில் எப்போதும் இருக்கிற ட்ரிம்மரால் நறுக்கிவிட்டு, அடுத்த கேள்விக்கு வந்தேன். என் மகள் வெளியில் பேசமாட்டாள் என்று சொன்னேன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

"பேசாட்டி என்னம்மா" என்றார் அவர். "பேசுததுக்குத்தான் நாங்க இத்தன பேரு கெடக்கோம்லா. ஒரு பிள்ளையாவது சும்மா இருந்து கேக்கட்டும்."

யூனிட்டுக்குத் திரும்பி வந்து என் கணவரிடம் குறைகளை வரிசையாகச் சொன்னேன். விளையாட்டுத் திடல் நம் பேக்கிங் மேசை அளவுதான். மாடிப்படி குறுகல். இருக்கிற ஒரே கம்ப்யூட்டரில் பாதி எழுத்துகள் தேய்ந்துபோயிருக்கின்றன. மாடி வகுப்புகளுக்குத் தகரக் கூரை, சித்திரை வெயிலில் பிள்ளைகள் வெந்துபோவார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப வேண்டாங்கற" என்றார்.

"எல்லாமே சின்ன டிஃபெக்டுங்க. பெரிசா ஒண்ணுமில்ல. பாஸ்" என்றேன்.

கல்யாணமாகி இத்தனை காலத்தில் என் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக ஒரு 'பாஸ்' வந்து அவர் பார்த்ததில்லை. மறுநாளே மூவருமாகக் கிளம்பிப் போனோம்.

ஒன்றாம் வகுப்பில் யாரும் எங்கள் மகளிடம் பெயர் கேட்கவில்லை. படம் காட்டி, இது என்ன என்று கேட்கவில்லை. டீச்சர் பெஞ்சைக் காட்டினார். அங்கிருந்த ஒரு சிறுமி, பீகாரிலிருந்து வந்த குடும்பமாம், நகர்ந்து இடம் கொடுத்துவிட்டு, தன் கிரேயான்களில் ஒன்றை அவள் பக்கம் தள்ளினாள். பிறகு இந்தியில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே ஒரு மாங்காய்க்கு நிறம் அடிக்க ஆரம்பித்தாள். எங்கள் மகளும் அதே மாங்காய்க்கு மறுபக்கத்திலிருந்து நிறம் அடித்தாள். வாய் திறக்கவில்லை. ஆனால் என் துப்பட்டாவையும் தேடவில்லை.

அப்போது தலைமை ஆசிரியை எங்களிடம், "எந்தப் பிள்ளையச் சேத்தாலும் ஜெபம் பண்ணிட்டுத்தான் நாங்க முடிவு சொல்லுவோம். ஒங்களுக்கு ஒண்ணும் மன வருத்தம் இல்லியே?" என்று கேட்டார்.

என் கணவர் உடனே செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை சாமி விஷயத்தில் ஊர், பேர் எல்லாம் விசாரிக்கிற வழக்கம் கிடையாது. அந்த அம்மா எங்கள் மகளின் தலையில் லேசாகக் கையை வைத்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரிதான் பேசினார்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ள பேசணும்னு நெனச்சா பேசட்டும், சும்மா இருக்கணும்னு நெனச்சா இருக்கட்டும். எங்களுக்குப் பொறுமையக் குடும். ஆமென்." கண்ணைத் திறந்தார். "சரி, சேத்துக்கிடலாம்."

காரில் ஏறியதும் மகள் மடை திறந்த மாதிரி கொட்டினாள். மாங்காய், கிரேயான், அடுப்பு மேடைமேல் நிற்கும் பாட்டில்கள், அந்தச் சிறுமியின் ரிப்பன், டீச்சரின் பெரிய பல். ஒரு பையன் நடுவில் எழுந்து கக்கூசுக்குப் போனானாம், யாருமே திட்டவில்லையாம். கடைசியில் முன் சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டி, "எப்பப் போலாம்?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்துக்கு எப்போது போகலாம் என்று அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு இருந்த சந்தோஷத்தில் அவிநாசி ரோட்டு நெரிசல்கூட அழகாகத் தெரிந்தது.

என் கணவர் மட்டும் யோசனையாக இருந்தார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"அந்தம்மா அவங்க சாமியக் கேட்டாங்க. சாமியும் உடனே சரின்னுருச்சு. நாம நம்ம ஆத்தாளக் கேக்காம சேத்துனா அவ என்ன நெனைப்பா?"

ஆத்தா என்பது எங்கள் குலதெய்வம். எங்கள் பக்கத்தில் பூ கேட்பது என்று ஒன்று உண்டு. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், கட்டித் தெய்வத்தின் காலடியில் வைப்பார்கள். யாராவது ஒரு குழந்தை ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. நிலம், கிணறு, சம்பந்தம் எல்லாம் அப்படித்தான் முடிவாகும். என் கணவருக்கு அது ஒரு நோயாகவே ஆகிவிட்டது. மெஷின் வாங்கக் கேட்பார், ஷெட்டை மாற்றக் கேட்பார். என்னைக் கட்டுவதற்கும் கேட்டார்களாம், வெள்ளை வந்ததாம். அன்றைக்கு ஆத்தா வேறு ஏதோ யோசனையில் இருந்திருப்பாள் என்பது என் நாத்தனாரின் கருத்து.

இதற்குள் விஷயம் தெரிந்து நாத்தனாரும் போனில் வந்துவிட்டார். "போயும் போயும் அந்தச் சின்ன ஸ்கூலா? நாளைக்கே மதம் மாத்திப்புடுவாங்க கண்ணு" என்றார்.

"ஏனுங் நங்கையா, என்ற புள்ள ஒண்ணுக்குக் கேக்கவே வாயத் தொறக்கறதில்ல. அவ எங்கிருந்து ஜெபம் பண்றது?" என்றேன். அந்தப் பக்கம் நாத்தனாரே சிரித்துவிட்டார். நல்ல மனுஷி, என் கல்யாண விஷயத்தைத் தவிர.

என் பயம் நாத்தனார் இல்லை, அந்தச் சிவப்புப் பூதான். சிவப்பு வந்த பிறகு என் கணவர் ஒரு காரியத்தைச் செய்து நான் பார்த்ததில்லை. நல்ல நிலையில் இருந்த ஓவர்லாக் மெஷின்கள் சகாயமாக வந்தபோது சிவப்பு வந்ததென்று விட்டுவிட்டார். அவற்றை வாங்கிய எதிர்வீதிக்காரர் அமோகமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார். அதைப் பார்த்தும், "நம்மகிட்ட வந்திருந்தா ஓடியிருக்காது" என்று சொல்கிற ஆள் இவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கணியூர்ப் பக்கத்திலிருக்கிற குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் சண்டை. தாராபுரம் ரோட்டில் ஏறும்போது ஆரம்பித்தது.

"செவப்பு வந்தா என்ன பண்ணுவீங்க?"

"வந்தா வேற ஸ்கூல் பாக்கலாம்."

"வேற எங்கீங்க பாக்கறது? எல்லாப் பக்கமும் பாத்தாச்சு. அந்த மீன் தொட்டிக்கே திருப்பி அனுப்பறீங்களா?"

"ஆத்தா பாத்துக்குவா. நீ பொட்டாட்ட வா."

பொட்டாட்ட என்றால் சத்தம் போடாமல். எனக்கு அது வராது. தென்னந்தோப்புகள் வரும்வரை பேசினேன், வந்த பிறகும் பேசினேன். மகள் பின் சீட்டில் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு மரங்களை எண்ணிக்கொண்டு வந்தாள். நாங்கள் பேசுவது அவள் காதில் விழவில்லை என்றுதான் இருவரும் நினைத்தோம்.

கோயிலில் கூட்டமில்லை. என் கணவரைப் பார்த்ததும் பூசாரி, "வாங்க சாமி. புது மெஷினுங்களா?" என்று கேட்டார். மெஷின் இல்லை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்றதும் இரண்டு வாழை இலைத் துண்டுகளை எடுத்து, ஒன்றில் வெள்ளை அரளியும் மற்றதில் செவ்வரளியும் வைத்துச் சுற்றி நாரால் கட்டினார். கூடைக்குள் போட்டுக் குலுக்கி ஆத்தாளின் காலடியில் வைத்தார். வழக்கமாக அங்கே விளையாடிக்கொண்டிருக்கிற பிள்ளைகளில் ஒன்று வந்து எடுக்கும். அன்றைக்கு ஒருவரையும் காணோம்.

"எல்லாம் வாய்க்காலுக்குக் குளிக்கப் போயிருச்சுக. அம்மிணியே எடுக்கட்டுமுங்க" என்றார்.

மகள் போய் ஒரு பொட்டலத்தை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்து என்னோடு ஒட்டிக்கொண்டாள். அவர் பிரித்தார். சிவப்பு.

என் கணவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் முகமும் வாடித்தான் போயிருந்தது. "சரிங்க" என்றார். எனக்குள் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. கோயில் என்றும் பார்க்காமல் அவரை ஒரு வழி பண்ணிவிடுவது என்று மூச்சை இழுத்தேன்.

"தாத்தா."

வாய்க்காலுக்குப் போன பிள்ளை ஏதோ திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. என் பக்கத்தில் இருந்த மகளையும் காணவில்லை. அவள் பூசாரியின் முன்னால் போய் நின்றிருந்தாள்.

"ஆத்தாகிட்ட மறுக்கா கேளுங்க. எனக்கு அந்த ஸ்கூலுதான் வேணும்."

நான் இழுத்த மூச்சு அப்படியே நின்றது. கை தானாகப் போய் என் கணவரின் மணிக்கட்டைப் பிடித்தது. அவரும் அசையவில்லை. தோளில் வந்து உட்கார்ந்த சிட்டுக்குருவி பறந்துவிடுமோ என்று நிற்பதைப் போல இருவரும் நின்றோம். பூசாரிக்கு இது எதுவும் தெரியாது. அவருக்கு அது கோயிலுக்கு வந்த ஒரு பிள்ளை, அவ்வளவுதான்.

"ஒருக்காத்தான் கேக்கோணும் அம்மிணி. ஆத்தா வேண்டாங்கறா."

"ஆத்தா அந்த ஸ்கூலப் பாத்திருக்காளா?"

பூசாரி நேர்மையான மனிதர். கொஞ்சம் யோசித்தார். "பாத்திருக்க மாட்டா" என்றார்.

"அப்பச் சொல்லுங்க அவகிட்ட. அங்க அடுப்பு வெக்கற எடத்துல தண்ணி பாட்டல் வெச்சிருக்காங்க. ரிப்பன் வெச்ச பாப்பா இருக்கா, அவ இந்தில எண்ணுவா. மாங்காய்க்கு இன்னும் பாதி கலர் அடிக்கோணும். பேர் கேக்கவே மாட்டாங்க. ஒண்ணுக்கு வந்தா எந்திரிச்சுப் போயிக்கலாம்."

அவர் சந்நிதிப் பக்கம் திரும்பி, குனிந்து, "ஆத்தா, இப்படியாமா. மாங்காய் பாதியில நிக்குதாமா. புள்ள மறுக்கா கேக்குது" என்று அப்படியே ஒப்பித்தார். எங்களைக் கேட்கவுமில்லை. வேறு பூ எடுத்துக் கட்டினார், குலுக்கினார், வைத்தார். மகள் எடுத்தாள். இந்தத் தடவை அவரிடம் கொடுக்காமல் தானே பிரித்தாள்.

மறுபடியும் சிவப்பு.

அவள் அழவில்லை. கீழுதடு மட்டும் பிதுங்கி நடுங்கியது. பிரித்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு ஆத்தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டு என் கணவர் பூசாரியிடம் போனார். அவர் காதருகே குனிந்து சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

"ரெண்டுலயும் வெள்ளையே வெச்சுருங்க."

பூசாரி நிமிர்ந்து அவரை உற்றுப் பார்த்தார். ஓவர்லாக் மெஷின்களை விட்டுவிட்டுப் போன ஆள்தானா இது என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

"நெசமாலுமுங்களா?"

"வெய்ங்க. ஆத்தா என்னையக் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

பூசாரி எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து கட்டினார். கூடையை முன்பைவிட நன்றாகக் குலுக்கினார். பொட்டலங்களைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, "இந்தத் தடவ நல்லா வேண்டிக்கிட்டு எடு கண்ணு" என்றார்.

மகள் அவற்றின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இடது பக்கத்துப் பொட்டலத்துக்குக் கையைக் கொண்டுபோனாள், இழுத்துக்கொண்டாள். வலது பக்கத்தைத் தொட்டாள், அதையும் விட்டாள். பூசாரியைப் பார்த்து, "எத எடுக்கட்டுந் தாத்தா?" என்று கணீரென்று கேட்டாள்.

"பொறுமையா யோசிச்சு எடு சாமி" என்றார் என் கணவர். கண்ணைத் துடைக்காமலே நின்றுகொண்டிருந்தார். "நமக்கொண்ணும் அவசரமில்ல."